மூன்றாவது மாம்பழம்

சமையல்கட்டில் நின்றுகொண்டு அந்த வீடியோவை நான்காவது முறையாகப் பார்த்தேன். சென்னையிலிருந்து மகள் ரேவதி அனுப்பியது. அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே மாம்பழக் கூழில் எதையோ ஊற்றிக் கலக்கினாள். "அவ்ளோதாங்க, ஃப்ரிட்ஜுல வச்சா ரெடி" என்றாள். அவளுக்கு அவ்வளவுதான். நான் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.

சித்திரை மாதத்துச் சனிக்கிழமை அது. திங்கட்கிழமை காலை பாண்டியில் ஆஸ்பத்திரியில் என் மனைவி வசந்தாவை எடை போடுவார்கள். போன வாரத்தைவிட இறங்கியிருந்தால் மூக்கு வழியாக டியூப் போட்டு, அதில்தான் சாப்பாடு. டாக்டர் நல்லவர். அதட்டாமல் பொறுமையாகத்தான் சொன்னார். அந்தப் பொறுமைதான் என்னைப் பயமுறுத்தியது.

எனக்கு இருந்தது இரண்டு நாள். கையில் மூன்று பங்கனப்பள்ளிப் பழங்கள், ஒரு டின் பால், ஒரு பாக்கெட் சைனா கிராஸ் என்ற கடல்பாசி. அதுவரை நான் சமைத்தது என்று பார்த்தால் கஞ்சி, வெந்நீர். வெந்நீரையும் ஒரு தடவை தீய விட்டிருக்கிறேன்.

"எப்பப் பாரு உப்பளத்தையே எழுதுறீங்களே, வீட்டையும் கொஞ்சம் எழுதுங்க" என்று, உப்பளத்து மேஸ்திரி நான் பத்திரிகையில் எழுதுவதைப் படிக்கிற வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வீட்டை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கடைசியில் உப்பில்தான் வந்து நிற்கிறது. நான் என்ன செய்வது?

"டியூப் வேணாம்"

வசந்தாவுக்கு நாக்கோரத்தில் ஒரு புண். கூரான பல் குத்துகிறது என்று பல்லைப் பிடுங்கினோம். அப்புறமும் ஆறவில்லை. பெயரைச் சொன்னால் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் அந்த நோய்தான். ஆபரேஷன் முடிந்து கரண்ட் வைக்க ஆரம்பித்தார்கள். ரேடியேஷனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வாரத்தில் ஐந்து நாள் மரக்காணத்திலிருந்து பஸ் ஏறிப் போய்வருவோம்.

மூன்றாவது வாரத்தில் அவள் வாயெல்லாம் வெந்துபோனது. பேச்சு நின்றது. ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் இடுப்பில் சாவிக்கொத்து இருந்த இடத்துக்கு வந்தன. ருசியும் போயிற்று. "சக்கரையும் மண்ணும் ஒண்ணா இருக்குது" என்று எழுதிக் காட்டினாள்.

நர்ஸம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "உப்பு, காரம், புளிப்பு மூணும் கிட்டவே வரக்கூடாதுங்க. சில்லுனு, கொழகொழன்னு குடுங்க. எப்படியாவது உள்ள போவணும்."

நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். கஞ்சியைக் குழைய வேகவைத்து, மசித்து, வடிகட்டி, ஆறவைத்து, ஒரு கல் உப்புகூடப் போடாமல் கொடுத்தேன். இரண்டு ஸ்பூன் உள்ளே போகும். கண்ணை இறுக மூடிக்கொள்வாள். கையால் தள்ளிவிடுவாள். நாளுக்கு நாள் அந்த இரண்டு ஸ்பூன் ஒன்றாகி, ஒன்று பாதியானது. மருந்து வேலை செய்யவில்லையோ, நோய் உள்ளே பரவுகிறதோ என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

டியூப் என்ற பேச்சு வந்த அன்று பஸ்ஸில் அவள் நோட்டைத் திறந்தாள். "டியூப் வேணாம். செத்தாலும்" என்று எழுதினாள். பக்கத்துப் படுக்கையில் டியூப்போடு இருந்த ஓர் அம்மாவைப் பார்த்ததிலிருந்தே அந்தப் பயம் அவளுக்கு. நான் பேனாவை வாங்கி, இரண்டாவது வாக்கியத்தை அடித்தேன். அவள் பேனாவைத் திரும்ப வாங்கி, அதற்குக் கீழேயே மறுபடி எழுதினாள். பிடிவாதத்துக்கு நோயா தடை?

வெள்ளிக்கிழமை நானே கேட்டேன். "உனக்கு இன்னாதான் வேணும் வசந்தா? எதுவா இருந்தாலும் சொல்லு."

ஒரே வார்த்தை எழுதினாள். "மாம்பழம்."

பழகிவிடும் என்று சொன்னவன்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வசந்தா பிரம்மதேசத்துப் பெண். மரக்காணத்துக்கு மேற்கே, நெல்லும் மணிலாக்கொட்டையும் விளைகிற ஊர். அங்கே கிணற்றுத் தண்ணீர் கல்கண்டு மாதிரி இருக்கும் என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். கல்யாணமாகி வந்த மறுநாள் எங்கள் வீட்டில் காப்பி போட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாங்க தண்ணி இது, கண்ணீர் மாதிரி இருக்குது" என்றாள்.

"பழகிடும்" என்றேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. உலகத்தில் எல்லாமே பழகிவிடும் என்று நினைக்கிற வயது. பழகியும் விட்டாள்.

இப்போது குடிக்கக் கேன் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் கேன் குடிப்பதற்கு மட்டும்தான். சமையலுக்கு எல்லா வீட்டிலும் போர் தண்ணீர்தான். கேன் தண்ணீரில் சோறு வடிக்கிறவளை எங்கள் தெருவில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். சித்திரையில் போர் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கரிக்கும். கரிக்கும் என்று நான் சொல்லவில்லை, வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அது தண்ணீர், அவ்வளவுதான்.

அந்த வெளியூர்க்காரர்களில் முதல் ஆள் வசந்தாவின் தங்கை மல்லிகா. எப்போது வந்தாலும் கைப்பையில் ஒரு லிட்டர் பாட்டிலில் பிரம்மதேசத்துத் தண்ணீரோடுதான் வருவாள். எங்கள் வீட்டில் அவளுக்கென்று காப்பி போட்டால்கூட அந்தத் தண்ணீரில்தான். "மகாராணி பாட்டிலோட வந்துட்டாங்க" என்று நான் கிண்டல் செய்வேன். உள்ளுக்குள் எனக்கு அது அவமானம். எங்கள் வீட்டுத் தண்ணீருக்கு என்ன குறை?

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வசந்தா எது சமைத்துப் போட்டாலும் முதல் வாய் வைத்ததும் நான் சொல்வது ஒன்றுதான்: "உப்பு இல்ல." சொல்லிவிட்டுத் தட்டை அரை சாண் தள்ளிவைப்பேன். முப்பது வருடம். அவள் உப்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்துவாள். உப்பளத்து மேஸ்திரியின் நாக்கு அது. பாத்தியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தால், உப்பு விழ இன்னும் எத்தனை நாள் என்று சொல்லிவிடுவேன். தண்ணீரின் பதம் பார்க்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் அதைத் தண்ணீரில் இறக்குவார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

முதல் பழம்

சனிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். உப்பு வாரும் சீசன் உச்சத்தில் இருந்தது. நான் உப்பளத்துக்குப் போகவில்லை. கரண்டுக்குப் போகிற நாளில்கூடச் சாயங்காலம் ஓர் எட்டு பார்த்துவிடுவேன்; முழுசாகப் போகாத ஒரு நாள்கூட அதுவரை சித்திரையில் எனக்கு இருந்ததில்லை.

வீடியோவில் அடியில் பிஸ்கட்டை நொறுக்கிப் பரப்பச் சொன்னார்கள். வசந்தா அதைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள். பிஸ்கட் குத்தும். சரி, பிஸ்கட் வேண்டாம். மாம்பழத்தைத் தோல் சீவி, மிக்சியில் அடித்து, நார் இல்லாமல் இருக்க வெள்ளைத் துணியில் பிழிந்தேன். டின் பாலைக் கலந்தேன். மஞ்சளாக, வழவழவென்று வந்தது. அவளும் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

பிறகு சைனா கிராஸ். நூல் நூலாக, பழைய வலையைக் கத்தரித்துப் போட்ட மாதிரி இருந்தது. தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்கவைத்துக் கரைத்து ஊற்ற வேண்டும். அதுதான் கூழை இறுக்கிப் பிடிக்குமாம்.

இங்கேதான் என் பயம் உள்ளே நுழைந்தது. இறுகாவிட்டால்? தண்ணியாக ஓடினால்? ரேவதிக்கு ஃபோன் போட்டேன்.

"எவ்ளோ தண்ணி ஊத்தணும்மா?"

"ஒரு டம்ளர் போதும்பா. கரைஞ்சா போதும்."

"இறுகலைன்னா?"

"இறுகும்பா. நீங்க டென்ஷன் ஆவாதீங்க."

டென்ஷன் ஆகாதே என்று சொன்னால் ஆகாமல் இருக்கிற ஜாதி நான் இல்லை. கோடையில் ஒரு மழை பெய்தால் ஒரு மாதத்து உப்பும் கரைந்து போகிற தொழில். வானத்தைப் பார்த்துப் பார்த்தே கழுத்து வலி வந்தவன் நான். ஒரு டம்ளருக்குப் பதில் இரண்டு டம்ளர் போர் தண்ணீர் வைத்தேன். நன்றாகக் கரையட்டும் என்று கொதிக்கவிட்டேன். இரண்டு டம்ளரும் சுண்டி ஒன்றாகும்வரை கிளறிக்கொண்டே நின்றேன். கெட்டியானதும்தான் மனசு கொஞ்சம் அடங்கியது.

இனிப்பு எதுவானாலும் ஒரு சிட்டிகை உப்பு போடுவது எங்கள் வீட்டு வழக்கம். பாயசத்துக்கும் போடுவோம், கேசரிக்கும் போடுவோம். கை தானாக உப்பு டப்பாவுக்குப் போனது. நர்ஸம்மா ஞாபகம் வந்து, சுட்டுக்கொண்டவன் மாதிரிக் கையை இழுத்துக்கொண்டேன். அந்த டப்பாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், ஸ்டூல் போட்டால்தான் எட்டும் இடத்தில் வைத்தேன்.

மதியம் கிண்ணத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபோது அது ஆடாமல் நின்றது. ஒரு ஸ்பூன் நான் சாப்பிட்டுப் பார்த்தேன். தித்திப்பாக, சில்லென்று, தொண்டையில் தானாக வழுக்கிக்கொண்டு போனது. நானா செய்தேன் என்று இருந்தது.

வசந்தா ஆசையாக வாயைத் திறந்தாள். அந்த வாரத்தில் அவள் ஆசைப்பட்டு வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. ஸ்பூன் உள்ளே போனது. கண்ணை இறுக மூடினாள். கண்ணோரத்தில் தண்ணீர் வந்தது. பக்கத்திலிருந்த பேசினில் துப்பிவிட்டு நோட்டை எடுத்தாள்.

"எரியுது."

இரண்டாவது பழம்

பழம் புளிப்பு என்று முடிவு செய்தேன். வேறென்ன இருக்க முடியும்? மிச்சம் இருந்த இரண்டில் நன்றாகக் கனிந்த ஒன்றை எடுத்து, காம்பைக் கிள்ளி முகர்ந்து, ஒரு துண்டு தின்று பார்த்தேன். தேன். இதில் புளிப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

மறுபடி பிழிதல், வடிகட்டுதல். இந்தத் தடவை டின் பாலைக் கூட்டினேன். பால் பவுடரும் கரைத்து ஊற்றினேன். சைனா கிராஸை இன்னும் நன்றாகச் சுண்டவிட்டேன். சாயங்காலம் அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

எனக்காகத்தான் சாப்பிட்டாள். அது தெரிந்தது. ஒரு ஸ்பூனை விழுங்கினாள். இரண்டாவதை வாங்க வாயைத் திறந்தவள், முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சத்தம் போட்டு அழவும் அந்த வாயால் முடியாது.

நான் பின்கட்டுக்குப் போய் நின்றேன். தூரத்தில் உப்பளத்தில் குவித்த உப்பு வெள்ளையாகத் தெரிந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக, அவள் பிழைக்கமாட்டாளோ என்று முழு வாக்கியமாக நினைத்தேன். இனிப்பே எரிகிறது என்றால் இனி எதைக் கொடுப்பது?

மல்லிகாவின் பாட்டில்

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மல்லிகா வந்தாள். அக்காவின் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு நேராகச் சமையல்கட்டுக்கு வந்தாள். ஃப்ரிட்ஜில் அந்த இரண்டாவது கிண்ணம் அப்படியே இருந்தது.

"இது இன்னா மாமா, நீங்களா செஞ்சீங்க?"

"சாப்புட்டுப் பாரு. தேன் மாதிரி இருக்குது. அவளுக்கு எரியுதாம்."

ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். முகம் ஒரு மாதிரிப் போனது.

"மாமா, இதுல எதுக்கு உப்பு போட்டீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உப்பா? ஒரு சிட்டிகைகூடப் போடல. டப்பா எங்க இருக்குது பாரு, மேல. ஏறித்தான் எடுக்கணும்."

"கரிக்குது மாமா. சக்கரைக்கு உள்ளார நிக்குது."

"உன் நாக்குல ஏதோ கோளாறு."

மல்லிகா கிண்ணத்தைக் கிட்டே இழுத்தாள். இன்னொரு தடவை வழித்து நக்கிப் பார்த்தாள். பிறகு சைனா கிராஸ் காய்ச்சிய பாத்திரத்தைப் பார்த்தாள். நான் அதைக் கழுவாமல் போட்டிருந்தேன். விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு காய்ந்திருந்தது.

"எந்தத் தண்ணி ஊத்துனீங்க?"

"வீட்டுத் தண்ணிதான். ரெண்டு டம்ளர் ஊத்தி, ஒண்ணா சுண்ட வச்சேன்."

அவள் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்தாள். துப்பவில்லை, மரியாதைக்கு விழுங்கினாள். "சித்திரையில உங்க தண்ணி இன்னும் மோசம் மாமா. அதைப் போயி சுண்ட வச்சிருக்கீங்களே."

நான் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் சுண்டவைத்து உப்பாக்குவதுதான் என் தொழில். அதையே அடுப்பில் செய்து, வெந்த வாய்க்கு ஊட்டியிருக்கிறேன். பாத்தித் தண்ணீரின் பதத்தை நாக்கால் சொல்கிறவன், வீட்டுத் தண்ணீர் கரிப்பதை அறியவில்லை.

"கஞ்சி?" என்றாள் மல்லிகா மெதுவாக. "கஞ்சி எதுல மாமா வைக்கிறீங்க?"

அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. பத்து நாளாக அவள் தள்ளிய ஒவ்வொரு கிண்ணமும் கண்முன் வந்தது. கொழகொழவென்று குழைய வேண்டும் என்று ஒரு மணி நேரம் கொதிக்கவிட்ட கஞ்சி. நோய் முற்றுகிறது என்று நான் நினைத்தேன். முற்றியது நோய் இல்லை, என் தண்ணீர். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மல்லிகா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "எழுந்திருங்க மாமா. இன்னொரு பழம் இருக்குதில்ல?" என்றாள்.

ஒரு பழம் இருந்தது. கேனில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது, அது வசந்தா மாத்திரை போட. ஞாயிற்றுக்கிழமை கேன் வண்டி வராது. மல்லிகா கைப்பையைத் திறந்து பாட்டிலை எடுத்துவைத்தாள். வரும் வழியில் அவள் குடித்ததுபோக முக்கால் பாட்டில். நான் வருடக்கணக்காகக் கிண்டல் செய்த அதே பாட்டில்.

ஒரே டம்ளர் அளந்து ஊற்றினேன். மல்லிகா பக்கத்திலேயே நின்றாள். கரைந்ததும் அடுப்பை அவளே அணைத்தாள். என்னை நம்பவில்லை. பால் பவுடர் வேண்டாம், டின் பால் போதும் என்றாள். மூன்றாவது பழம் அவ்வளவாகக் கனியவும் இல்லை. துணியில் பிழியும்போது என் கைவேகத்தைப் பார்த்து, "கிழிச்சிடாதீங்க மாமா" என்றாள்.

ஃப்ரிட்ஜில் வைத்த பத்தாவது நிமிடம் கதவைத் திறந்தேன். பதினைந்தாவது நிமிடம் மறுபடி திறந்தேன்.

"தொறந்து தொறந்து பாத்தா எப்படி மாமா சில்லுனு ஆவும்? இப்புடி வந்து ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். எழுந்தேன். வசந்தா கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாங்கள் எதையும் சொல்லவில்லை. இதுவும் எரிந்தால் சொல்வதற்கு எதுவும் இருக்காது.

ஒரு மணிக்கு எடுத்தோம். இந்தத் தடவை கொஞ்சம் தளதளவென்றுதான் இறுகியிருந்தது. மல்லிகாதான் ஊட்டினாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டேன், ஓடிப்போக வசதியாக. ஸ்பூன் உள்ளே போனது. வசந்தா வழக்கம்போலக் கண்ணை இறுக மூடிக் காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

விழுங்கினாள். மறுபடி வாயைத் திறந்தாள்.

கிண்ணம் காலியாகும்வரை மல்லிகா ஊட்டிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் மல்லிகாவின் வீட்டுக்காரர் பிரம்மதேசத்திலிருந்து வண்டியில் ஒரு பெரிய கேன் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினார். அதில் வைத்த கஞ்சியில் ஒரு டம்ளர் உள்ளே போனது. ஏழு மணிக்கு இன்னொரு டம்ளர்.

திங்கட்கிழமை

ஒரே நாளில் என்ன ஏறிவிடும்? அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். பஸ்ஸில் போகும்போதே அவளை இரண்டு டம்ளர் இளநீர் குடிக்கவைத்தேன். எடை மெஷினில் ஏறும்போது கைப்பையை அவள் தோளிலேயே விட்டேன்.

"பைய கீழ வைங்கம்மா" என்றார் நர்ஸம்மா. என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

வசந்தா பையைக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். எண்கள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. நான் எண்ணைப் பார்க்கவில்லை, நர்ஸம்மா முகத்தைப் பார்த்தேன். அவர் பழைய சீட்டைப் புரட்டினார்.

"அதே வெயிட்டுதாங்க. எறங்கல. இந்த வாரம் பாக்கலாம்னு டாக்டர் சொல்லுவாரு."

தண்ணீர் விஷயத்தை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, கரையோரத்து ஊர்களிலிருந்து வருகிற எல்லாரையும் இனிமேல் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறேன் என்றார்.

அன்றைய கரண்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தோம். வெயிலில் கண் கூசியது. வசந்தாவிடம் எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். பாத்திரத்து வெள்ளைக் கோடு, கஞ்சி, பத்து நாள், எல்லாம். சொல்லி முடித்து, "நான்தான் உன்ன பட்டினி போட்டேன்" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. நோட்டை என் மடியில் வைத்தாள்.

"நேத்து நீங்க செஞ்சதுல உப்பு இல்ல."

நிமிர்ந்தேன். முப்பது வருடமாக நான் செய்தது போலவே, இல்லாத ஒரு தட்டை இரண்டு விரலால் அரை சாண் தள்ளிவைத்துக் காட்டினாள். உதடு வெடித்திருந்ததால் சிரிக்க முடியவில்லை. கண் சிரித்தது.

மரக்காணம் பஸ் வந்து நின்றது. நான் அழுதுகொண்டிருந்ததால் அவள்தான் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.